உக்ரைனிய மொழி, சீன மொழி: தமிழருக்கு எது கடினம்?

"உக்ரைனிய மொழியையும் சீன மொழியையும் ஒப்பிட்டால் எது கடினம்? இரண்டும் தெரிந்தவர்கள் சொல்லவும்" என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஒன்றில் நோயாளியிடம் பேசியிருக்கிறேன், இன்னொன்றில் துணிக்கு விலை பேசுகிறேன். அவ்வளவுதான்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு நீட் மார்க்கையும் ஏஜென்ட் கொடுத்த பிரசுரத்தையும் கையில் வைத்திருக்கும் பிள்ளை நீங்கள், அல்லது அந்தப் பிள்ளையின் அப்பா என்று வைத்துக்கொள்கிறேன். மருத்துவம் படிக்க வெளிநாடு போகிறவர்களைத் தவிர வேறு யார் இந்த இரண்டு மொழியை ஜோடி சேர்ப்பார்கள்? 2018-இல் என் அப்பாவும் அப்படித்தான் ஒரு ஏஜென்ட் முன்னால் உட்கார்ந்திருந்தார். "முழுக்க இங்கிலீஷ் மீடியம் சார், லோக்கல் பாஷையே தேவைப்படாது" என்றார் அந்த மனிதர். பாடம் இங்கிலீஷில்தான் நடந்தது, பொய்யில்லை. நோயாளிகள்தான் உக்ரைனில் பிறந்துவிட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரு அமெரிக்கக் கணக்கைக் காட்டுவார்கள். அவர்களுடைய வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையத்தின் கணக்குப்படி உக்ரைனியத்துக்கு 1,100 மணி நேரம், சீனத்துக்கு 2,200 மணி நேரம். சரி, ஆனால் அது இங்கிலீஷ்காரனுக்குப் போட்ட கணக்கு. அதே பட்டியலில் உக்ரைனியம் இருக்கும் வகுப்பில்தான் தமிழும் இருக்கிறது. நமக்கு அது எதற்கு?

நான் படித்தது மேற்கு உக்ரைனில், இவானோ-ஃபிரான்கிவ்ஸ்கில். 33 எழுத்து. 247 எழுத்து படித்தவனுக்கு அது ஒரு வார வேலை. அப்புறம்தான் வினை. மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் இரண்டும் இல்லை. காசு எண்ணக்கூட இலக்கணம் வேண்டும்: ஒரு ஹ்ரிவ்னியா, இரண்டு ஹ்ரிவ்னி, ஐந்து ஹ்ரிவென். இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு முடிவு, ஐந்திலிருந்து வேறு முடிவு. அழுத்தம் இடம் மாறினால் பொருளும் மாறும். ஸாமொக் என்றால் கோட்டை, ஸமோக் என்றால் பூட்டு.

ஆனால் ஏழு வேற்றுமை என்றதும் வகுப்பிலிருந்த வட இந்தியப் பையன்கள் முழித்தபோது நான் முழிக்கவில்லை. நமக்கு எட்டு இருக்கிறதே. "நான் மாணவன்" என்பதில் நடுவில் ஒரு வினை வேண்டாம், அங்கேயும் வேண்டாம். "எனக்குப் புத்தகம் உண்டு" என்பதுபோலவே அவர்களும் "என்னிடம் இருக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள். எழுதினேன், எழுதிவிட்டேன் என்று நாம் பிரிப்பதை அவர்கள் பிசாத்தி, நபிசாத்தி என்று இரண்டு வினைகளாக வைத்திருக்கிறார்கள். முழுக்கப் பொருந்தாது, மொழியியல் படித்தவர்கள் அடிக்க வராதீர்கள். எனக்கு அப்படிப் பிடித்துக்கொண்டுதான் புரிந்தது.

2021 நவம்பர், நாலாவது வருஷம், வார்டு போஸ்டிங். நவம்பருக்கு அவர்கள் பெயர் லிஸ்தொபாத், 'இலை உதிர்வது'. எண்பது வயதுப் பாட்டி ஒருவர், மூச்சுத்திணறல். நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த "தே பொலித்?" (எங்கே வலிக்கிறது?) கேட்டேன். 'பாபுஸ்யா' என்று அழைத்தேன். பக்கத்துக் கட்டில்காரம்மா உடனே திருத்தினார்: கூப்பிடும்போது 'பாபுஸ்யு'. விளி வேற்றுமை அங்கே பேச்சில் உயிரோடு இருக்கிறது. இவான் என்பவனைக் கூப்பிட்டால் 'இவானே'தான், தமிழ்நாட்டில் போலவே. ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு நான் நகரும்போது அந்தப் பாட்டி பின்னாலிருந்து "தோக்தொரே!" என்றார். ஒரு கணம் ஊரில் யாரோ "டாக்டரே" என்று கூப்பிட்டதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தால், தண்ணீர் டம்ளர் எட்டவில்லையாம்.

"உக்ரைனியம் ரஷ்யத்தின் கொச்சை வடிவம்தானே" என்று கமென்டில் ஒருவர் வருவார், தெரியும். நன்றிக்கு ரஷ்யத்தில் ஸ்பசீபா, உக்ரைனியத்தில் த்யாகுயு. 1876-இல் ஜார் மன்னர் அந்த மொழியில் புத்தகம் அச்சிடவே தடை போட்டார். 1933-இல் சோவியத் அரசு எழுத்துத் திருத்தம் என்று அவர்களின் 'ґ' எழுத்தை (இங்கிலீஷ் g ஒலி) அரிச்சுவடியிலிருந்தே தூக்கியது, 1990-இல்தான் திரும்பி வந்தது. கொச்சை என்றால் எதற்கு இத்தனை மெனக்கெடல்? கிழக்கே ஹார்கிவ் நகரில் படித்த என் நண்பர்கள் ரஷ்யன்தான் பேசினார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஊரைப் பொறுத்தது.

பிப்ரவரிக்கு அவர்கள் பெயர் லூத்தி, 'மூர்க்கமானது'. 2022 பிப்ரவரி 24 விடிகாலையில் எங்கள் ஊர் விமான நிலையத்தில் குண்டு விழுந்தது. பஸ், நடை, ருமேனியா எல்லை, டெல்லி, கோவை. அதை இங்கே விரிக்கப் போவதில்லை.

சீனத்துக்கு வருவோம். (சீனம் என்று ஒரே மொழி இல்லை, கேன்டனீஸ் வேறு, ஷாங்காய்ப் பேச்சு வேறு. நான் சொல்வது மாண்டரின்.) 2023-இலிருந்து திருப்பூரில் மாமாவின் துணி வியாபாரத்தில் இருக்கிறேன். ஷாவ்ஷிங் பக்கம் கேச்சியாவ் என்று பெரிய துணிச் சந்தை, வருஷத்தில் பாதி நாள் அங்கேதான். முதல் மாதம் சீனம் எனக்கு வெல்லமாக இருந்தது. பால் இல்லை, வேற்றுமை உருபு இல்லை, வினைக்கு முடிவு மாறாது. கேள்வி என்றால் கடைசியில் 'மா' போட்டால் போதும், நம்முடைய 'ஆ' மாதிரி. "நேற்று வந்த ஆள்" என்பதை நேற்று, வந்த, ஆள் என்று இதே வரிசையில் சொல்கிறார்கள், பெயரெச்சம் அப்படியே நிற்கிறது. உக்ரைனியத்தில் ஆளை முதலில் சொல்லிவிட்டு "அவர் நேற்று வந்தார்" என்று வால் கட்ட வேண்டும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் தனித்தனிச் சொல் உண்டு. கடைக்காரரை 'லாவ்பான்' என்பார்கள், நாம் 'முதலாளி' என்பதுபோல.

கெட்டது காதில்தான். நாலுக்கு 'ஸ்ஸ்', தொனி மேலிருந்து கீழே விழும். பத்துக்கு 'ஷ்ஷ்', தொனி மேலே ஏறும். அந்தப் பக்கத்து ஆட்கள் பலருக்கு ஷ வராது, இரண்டுமே ஸ்ஸ்தான். மாமா இல்லாமல் தனியாகப் போன முதல் தடவை. அங்கே எல்லாக் கடையிலும் வெளிநாட்டுக்காரனைப் பார்த்ததும் கால்குலேட்டரை நீட்டுவார்கள். நான் கெத்தாக அதைத் தள்ளிவிட்டு வாயாலேயே பேசினேன். மீட்டர் நாலு யுவான் என்று காதில் விழுந்தது. "ஹாவ், ஹாவ்" (சரி, சரி) என்று தலையாட்டி 600 மீட்டர் சொல்லிவிட்டேன். பில் 6,000. நான் சண்டைக்குப் போக, அந்த அம்மா சிரித்துக்கொண்டே இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பெருக்கல் குறிபோல வைத்துக் காட்டினார். அது பத்து. போனில் மாமா சொன்னார்: "நாலு யுவானுக்கு அந்தத் துணி கிடைச்சா திருப்பூரையே மூடிரலாம்டா."

இதைவிட மோசம் நம் தமிழ் நோட்டு. 'வயிறு நிறைந்தது', 'முயல் ஓடிவிட்டது' இரண்டையும் என் நோட்டில் "தூட்ஸ பாவ் ல" என்றே எழுதி வைத்திருந்தேன். அங்கே வித்தியாசம் மூச்சில் இருக்கிறது, நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. அவர்கள் எழுத்தைப் பற்றி நான் பேசவே கூடாது. 2013-இல் அவர்கள் அரசு வெளியிட்ட பட்டியலில் 8,105 எழுத்துகள், அன்றாடத்துக்கே 3,500. வீசாட்டில் (அவர்களுடைய வாட்ஸ்அப்) ஒலியைத் தட்டி, வரும் எழுத்தைப் பொறுக்கிப் போடுகிறேன். கையால் எழுதச் சொன்னால் என் பெயரோடு சரி.

ஒரே ஒரு பெருமை: அவர்களின் 'ஆள்' என்ற சொல் கிட்டத்தட்ட 'ழென்', நம்முடைய ழ. கேச்சியாவ் கடைக்காரர்களைவிட நான் சுத்தமாகச் சொல்கிறேன் என்று பெய்ஜிங்கிலிருந்து வந்த ஒருவர் பாராட்டினார். ஊருக்கு வந்தால் டிவியில் 'தமிள் வால்க' என்கிறார்கள். யாரும் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை.

ஆக, பேசிப் புரியவைக்க சீனம் சீக்கிரம் வரும், காது மட்டும் ஒத்துழைத்தால். படிக்க, எழுத, சரியாகப் பேச உக்ரைனியம்தான் கைக்கு எட்டும். இது என் காதும் என் நாக்கும் சொல்வது. ஏஜென்டிடம் போனால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: நாலாவது வருஷம் வார்டில் எந்த மொழியில் பேசுவது?

பி.கு.: "ஏன் தம்பி படிப்பை முடிக்கலை, மத்தவங்க எல்லாம் வேற நாட்டுக்கு மாறி முடிச்சாங்களே" என்று கமென்டில் கேட்க நினைப்பவர்களுக்கு: வீட்டில் தங்கை கல்யாணக் கடன் இருந்தது. கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு இதையே கேட்ட சொந்தக்காரர்களுக்கும் இதுதான் பதில்.