மூன்று மாதம் கடந்தால் கை திரும்பாதா?

கேள்வி: மாந்தோப்பில் உழைத்து வந்த என் அப்பாவுக்கு (வயது 58) நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது தடியூன்றி நடக்கிறார். விரல்களையும் மணிக்கட்டையும் சற்றே நீட்ட முடிகிறது. ஆனால் வலது தோளைத் தொட்டாலே வலிக்கிறது என்கிறார். தினமும் ரப்பர் பந்தை அழுத்தச் சொல்கிறோம். மூன்று மாதம் கடந்துவிட்டதால் இனி கை திரும்பாது என்றும், புறா ரத்தம் தேய்த்துப் பார்க்கலாம் என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும், ஐயா?
– வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: அம்மா, முதலில் தோளைப் பார்ப்போம். அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்கிறீர்களா? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது, அன்பினால்தான் நடக்கிறது. தோள் மூட்டை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பவை தசைகளே. அவை தளர்ந்திருக்கும் நேரத்தில் கையின் எடையே எலும்பைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அதற்கு மேல் நாமும் இழுத்தால் மூட்டு விலகி, வலி நிலைத்து, வலிக்கு அஞ்சியே அவர் கையை அசைக்காமல் விட்டுவிடுவார். ஆகவே அக்குளிலோ கையிலோ பிடிக்காமல், இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு, அவருடைய வலப்பக்கமாக நின்று உதவுங்கள். உட்கார்ந்திருக்கும்போது முழங்கைக்குக் கீழே ஒரு தலையணையை வைத்துத் தாங்குங்கள். தோளை ஒரு முறை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

மூன்று மாதக் கணக்கை நம்பிக் கைவிட வேண்டாம். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதன் பிறகு கதவு அடைத்துக்கொள்ளும் என்பது உண்மையன்று. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆனவர்களையே, 222 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு, நன்றாக இருக்கும் கைக்கு உறை மாட்டி, பாதிக்கப்பட்ட கையாலேயே இரண்டு வாரம் வேலை செய்ய வைத்தார்கள். கிடைத்த முன்னேற்றம் ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது. மணிக்கட்டையும் விரலையும் ஓரளவு நீட்ட முடிந்தவர்களுக்குத்தான் இந்த முறை பொருந்தும். உங்கள் அப்பாவால் நீட்ட முடிகிறது என்பதால் இயன்முறை மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். நீங்களாகவே உறையை மாட்டிவிட வேண்டாம், நடக்கும்போது தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்தக் கை வேண்டும்.

பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். பக்கவாதம் வந்த கைக்கு விரலை மூடுவது பெரும்பாலும் எளிது, விரிப்பதுதான் கடினம். பந்தை அழுத்த அழுத்த மூடும் பழக்கமே வலுக்கிறது. அதற்குப் பதிலாக இரண்டு கூடைகளை மேசைமேல் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குச் சிறு மாங்காய்களை மாற்றச் சொல்லுங்கள். ஆயுள் முழுக்க மாங்காய் பறித்த கைக்கு அந்த வடிவம் தெரியும். எடுப்பதைவிட விடும் கணத்தைக் கவனியுங்கள்: கட்டைவிரல் விலக மறுக்கும், மாங்காய் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். மெல்ல விரல் திறந்து மாங்காய் கூடைக்குள் விழும் அந்த ஒரு நொடிதான் மூளை புதிய வழியைக் கற்கும் நொடி. களியைக் கிள்ளிக் குழம்பில் தொடுவது, துண்டால் மேசையைத் துடைப்பது என அவர் வாழ்க்கையில் உள்ள வேலைகளையே பயிற்சியாக்குங்கள்.

காலுக்கு நான் முதலிடம் தருவது உட்கார்ந்து எழும் பயிற்சிக்கே. நகராத, உறுதியான நாற்காலியில் அமர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்து, உடலை முன்னே சாய்த்து, வலது காலிலும் சம எடை விழும்படி எழ வேண்டும். ஒரு தடவைக்கு 10 முறையாக, ஒரு நாளில் நான்கைந்து தடவை செய்யலாம். மூச்சை அடக்கக் கூடாது. காலையில் இருபது நிமிடம் செய்துவிட்டு நாள் முழுக்கப் படுத்திருந்தால் போதாது. பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை, எல்லா வகை மறுவாழ்வுப் பயிற்சிகளும் சேர்ந்து நாளுக்கு 3 மணி நேரமாவது, வாரத்தில் 5 நாள் வேண்டும் என்கிறது. இடையிடையே ஓய்வு கொடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

புறா ரத்தத்தால் எந்தப் பயனும் இல்லை. எண்ணெய் இதமாகத் தடவலாம், ஆனால் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை. உணர்ச்சி குறைந்த தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பக்கவாதத்திலிருந்து தேறிவரும் என் அம்மா வீட்டுப் படியில் ஏறி இறங்கலாமா? எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: சமதரையில் தடுமாறாமல் நடக்கிறார் என்றால் ஏறலாம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதிக்கப்பட்ட கால் முதலில். கைப்பிடி நல்ல கையின் பக்கம் இருக்கட்டும். ஏறும்போது நீங்கள் ஒரு படி பின்னாலும், இறங்கும்போது ஒரு படி முன்னாலும் நில்லுங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே உட்கார வைத்து மருத்துவரை அணுகுங்கள். முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை புதிதாகத் தளர்ந்தாலோ பயிற்சிக் களைப்பு என்று எண்ணிக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்; உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.