தேர்தல் வியூக நிறுவனங்கள் வந்த பிறகு கட்சித் தொண்டனுக்கு இனி என்ன வேலை இருக்கிறது?

கேட்டிருப்பவர் கட்சிக்கு வந்து சில ஆண்டுகளே ஆன இளைஞர் என்று எடுத்துக்கொள்கிறேன். வாக்காளர் பட்டியலோடு தெருத்தெருவாக நடந்தவரிடம் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் வேலை இருக்கிறது, முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

பழைய ஆள் புதியதைக் கண்டு எரிச்சல்படுகிறார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2014 மக்களவைத் தேர்தலில் தேர்தல் வியூகர் பிரசாந்த் கிஷோரின் குழு பாஜகவுக்குச் செய்த வேலையை நாடே பார்த்தது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு அவருடைய ஐ-பேக் நிறுவனத்தை அமர்த்திக்கொண்டதாகத் திமுக 2020 பிப்ரவரியிலேயே அறிவித்தது. வாக்குச்சாவடி வாரியாகப் பழைய முடிவுகளைப் பிரித்துப் பார்க்கும் ஒழுங்கு இத்தகைய நிறுவனங்களிடம் இருக்கிறது; எங்களிடம் இருந்ததில்லை.

நான் சொல்லப்போவது வேறொரு நிறுவனத்தைப் பற்றி, பெயர் தேவையில்லை. பாம்பன் பக்கத்தில் நான் கிளைச் செயலாளராக இருந்தபோது, கையில் டேப்லெட்டோடு கணக்கெடுக்க வந்தார்கள். குடிநீர், சாலை, வேலைவாய்ப்பு என்று வரிசையாக இருந்த பட்டியலில் 'மீனவர் பிரச்சினை' என்பது ஒரே கட்டம். விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் அந்த ஒரு கட்டத்துக்குள்தான் அடங்க வேண்டும். பாக் விரிகுடாவில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலையே பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்த கரை இது. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள், தேசியப் பூங்கா என்று வனத்துறை காட்டும் கெடுபிடியைத்தான் முதலில் சொன்னார்கள். அது 'இதர' என்று பதிவானது. கணக்கெடுத்த பெண்ணிடம் எடுத்துச் சொன்னேன். "நீங்க சொல்றது புரியுதுங்க ஐயா, ஆனா இதுல அதுக்கு இடமில்லையே" என்றார். அவர்மீது குற்றமில்லை.

பிறகு துண்டறிக்கை அச்சாகி வந்தது. விசைப்படகுகளுக்கு டீசல் மானியத்தை உயர்த்துவோம் என்பதே அதன் தலைப்பு. அதை நாட்டுப்படகுத் தெருவில் கொடுத்தபோது சங்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "எங்க வலையை அறுத்துட்டுப் போற படகுக்கு மானியம் தர்றோம்னு எங்ககிட்டயே ஓட்டுக் கேக்குறியே தம்பி, நல்லாருக்கா?"

மாவட்ட அலுவலகத்துக்குச் சொன்னேன். வாசகம் சென்னையில் முடிவானது, மாற்ற முடியாது என்றார்கள். அந்தத் தெருவில் துண்டறிக்கை கொடுப்பதை நிறுத்திவிட்டு, வேட்பாளரை ஒரு மாலையில் கரைக்கே அழைத்து வந்து, சங்கத்தாரோடு உட்கார வைத்து, இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலை பற்றிய அவர்களுடைய மனுவை அவர் கையில் வாங்க வைத்தேன். கட்டுப்பாட்டை மீறினேன் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அதில் பெருமைதான்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 முதல் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். கட்சியின் பொதுப் பிரச்சாரத்துக்கோ வரம்பே இல்லை. அப்படியிருந்தும் எங்கள் பூத் முகவர்களுக்குச் சாப்பாடு கிளைக்காரர்கள் கைக்காசில்தான் வந்தது.

வாக்குப்பதிவு முடிந்ததும் நிறுவனத்தார் அறையைக் காலி செய்துகொண்டு போனார்கள். அந்த மனு என்ன ஆயிற்று என்று சங்கத்தார் இன்றும் என்னிடம்தான் கேட்கிறார்கள். ஆகவே தம்பி, ஒதுங்கிவிடாதீர்கள். உங்கள் தெருக்களில் யாருக்கு என்ன தொழில், யாருக்கு யாரோடு பிணக்கு என்பதை இப்போதே எழுதி வையுங்கள். அடுத்த முறை கணக்கெடுக்க வரும்போது, கேள்விகள் முடிவாவதற்கு முன்பே அதைக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள்.