10.5ஆம் நாளில் இறக்கும் எலிக்கரு: குறை கருவிலா, நஞ்சுக்கொடியிலா?

முதலில் நஞ்சுக்கொடியைச் சந்தேகியுங்கள். நீங்கள் ஆராயும் மரபணுவின் இரு பிரதியும் நீங்கிய கருக்கள் கருவுற்ற 9.5ஆம் நாளில் 25% இருந்தன, 10.5இல் ஒன்றுகூட உயிரோடில்லை என்கிறீர்கள். சுண்டெலியில் மஞ்சள்கருப் பையின் வேலையை நஞ்சுக்கொடி ஏற்கும் சமயம் அது. அலன்டாயிஸ் (கருவிலிருந்து நஞ்சுக்கொடியை நோக்கி வளரும் திசு) கோரியானோடு (கருவைச் சூழ்ந்த வெளிச்சவ்வு) இணையாவிட்டால், கருவில் குறையே இல்லை என்றாலும் பிழைக்காது. தாய்க்கும் கருவுக்கும் இடையே பரிமாற்றம் நடக்கும் லாபிரிந்த் அடுக்கில் இரத்தக் குழாய்கள் கிளைக்காமல் நின்றாலும் இதே கதிதான், சற்றுத் தாமதமாக.

9.5ஆம் நாள் கருவைப் பிரிக்கும்போதே பாருங்கள்: அலன்டாயிஸ் எங்கும் ஒட்டாமல் குமிழ்போலத் தொங்கினால் பாதி விடை கிடைத்துவிட்டது. மரபணு வகை பார்க்க நஞ்சுக்கொடித் துண்டை எடுக்காதீர்கள், தாயின் டெசிடுவா (கருப்பை உட்சுவர்த் திசு) கலந்துவிடும். நன்றாக அலசிய மஞ்சள்கருப் பையே போதும்.

உறுதிப்படுத்த, ஃப்ளாக்ஸ் அலீல் (க்ரீ நொதி வெட்டி நீக்கும்படி குறியிட்ட மரபணு வடிவம்) இருந்தால் சாக்ஸ்2-க்ரீ (கருவாகும் செல்களில் க்ரீயை உருவாக்கும் எலி வகை) பயன்படுத்துங்கள். அது கருவில் மரபணுவை நீக்கி, ட்ரோஃபோபிளாஸ்டில் (நஞ்சுக்கொடியின் பெரும்பகுதியாகும் வெளிச்செல்கள்) விட்டுவைக்கும். கரு பிழைத்தால் குறை கருவுக்கு வெளியே, பெரும்பாலும் ட்ரோஃபோபிளாஸ்டில். க்ரீ ஆண் எலியிடமிருந்தே வரவேண்டும். தாய் வழி வந்தால் முட்டையிலேயே செயல்பட்டு எல்லாத் திசுவிலும் நீக்கிவிடும். பலர் சறுக்கும் இடம் இது.

ஆனால், கரு பிழைக்காவிட்டால் நஞ்சுக்கொடியில் குறையில்லை என்று முடிவுகட்டாதீர்கள். அலன்டாயிசும், அதிலிருந்து நஞ்சுக்கொடிக்குள் நுழையும் குழாய்களும் எபிபிளாஸ்ட் (கருவின் உடலும் உருவாகும் தொடக்கச் செல் அடுக்கு) வழி வந்தவை. சாக்ஸ்2-க்ரீ அங்கும் மரபணுவை நீக்கியிருக்கும்.