டிராஃப்டில் மேலே ஏறுவதா, கீழே இறங்குவதா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து டிராஃப்டில் பல பிக்குகளைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை எடுப்பது சரியா, இறங்கி நிறைய பிக்குகளைச் சேர்ப்பது சரியா? கல்லூரிக் கூடைப்பந்துக்கும் அதே கணக்கு பொருந்துமா?

இறங்க வேண்டும் என்பதுதான் என் பதில். பத்தில் ஒன்பது தடவை இறங்கத்தான் வேண்டும். கல்லூரிக் கூடைப்பந்தில் டிராஃப்ட் கிடையாது. ஆனால் அங்கேயும் பேர் வாங்கிய பதினெட்டு வயதுப் பையனைவிட, மூன்று வருஷம் சேர்ந்து ஆடிய ஐந்து பேரைத்தான் நான் நம்புவேன்.

நான் எம்.எஸ். படித்தது இண்டியானாவில், பர்டூ பல்கலைக்கழகத்தில். இப்போது வேலை சான்டா கிளாராவில். சான் ஃபிரான்சிஸ்கோ 49ers, அதாவது நைனர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் மைதானம் இதே ஊரில்தான். பர்டூவின் கூடைப்பந்து அணி, நைனர்ஸ் என்ற இந்த இரண்டு அணிகளையும் பார்த்துப் பார்த்து வந்த கருத்து இது.

டிராஃப்ட் பழக்கமில்லாதவர்களுக்காக: கல்லூரியில் ஆடிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட், ஒரு வீரரை எடுக்கும் ஒரு முறைதான் பிக். 32 அணிகள், ஏழு ரவுண்டு. போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் பிக். இந்தப் பிக்குகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம்: பல பிக்குகளைக் கொடுத்து வரிசையில் முன்னால் போவது ஏறுவது, பின்னால் போய்க் கூடுதல் பிக் வாங்குவது இறங்குவது. அடுத்தடுத்த வருஷத்துப் பிக்குகளைக்கூட இன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆபத்து அங்கேதான்.

2021இல் நைனர்ஸ் கையில் இருந்தது 12ஆவது பிக். அதோடு 2022, 2023 முதல் ரவுண்டு பிக்குகளையும் ஒரு மூன்றாம் ரவுண்டு பிக்கையும் கொடுத்து 3ஆவது இடத்துக்கு ஏறினார்கள். எடுத்தது ட்ரே லான்ஸ், நார்த் டகோட்டா ஸ்டேட் கல்லூரியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்). 2019இல் அவர் புள்ளி பெற்றுத் தரும் டச்டவுன் பாஸ் 28 வீசினார், எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ் (இன்டர்செப்ஷன்) ஒன்றுகூட இல்லை. ஆனால் கொரோனா வந்ததால் அடுத்த வருஷம் ஒரே ஒரு ஆட்டம். கல்லூரியில் அவர் தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய ஆட்டங்கள் மொத்தம் 17தான். நைனர்ஸுக்காக அப்படி இறங்கியது நான்கு. கணுக்கால் முறிந்தது, பிறகு 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் ரவுண்டு பிக்குக்கு டாலஸ் அணிக்குப் போய்விட்டார். அந்தப் பையன்மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. 17 ஆட்டம் பார்த்துவிட்டு மூன்று வருஷத்து முதல் பிக்கை அள்ளிக் கொடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை. நைனர்ஸ் விட்டுக்கொடுத்த அந்த 12ஆவது பிக் கைமாறிக் கைமாறிக் கடைசியில் டாலஸிடம் போனது. அவர்கள் 10இலிருந்து இரண்டு படி இறங்கி, கூடவே ஒரு மூன்றாம் ரவுண்டு பிக்கையும் வாங்கிக்கொண்டு, அதில் பின்னாளில் பெரிய நட்சத்திரமான தடுப்பாட்டக்காரர் மைக்கா பார்சன்ஸை எடுத்தார்கள்!

அடுத்த வருஷ டிராஃப்டின் கடைசிப் பிக் 262. நைனர்ஸ் அதில் எடுத்தவர் பிராக் பர்டி என்ற குவார்ட்டர்பேக். 2024 பிப்ரவரியில் எங்களை சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்துக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸிடம் ஓவர்டைமில் 25-22 என்று தோற்றோம். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பர்டி கிடைத்தது அதிர்ஷ்டம்தானே என்பார்கள். ஆமாம், அதிர்ஷ்டம்தான். அவருக்கு இவ்வளவு திறமை என்று நைனர்ஸுக்கே தெரிந்திருந்தால், அதே டிராஃப்டில் அவருக்கு முன்னால் வேறு எட்டுப் பேரை எடுத்திருக்க மாட்டார்கள். யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் எத்தனை தடவை முயன்று பார்க்க முடிகிறது என்பதுதான் பலம். நைனர்ஸ் நட்சத்திரங்களான ஜார்ஜ் கிட்டில் ஐந்தாம் ரவுண்டில் வந்தவர், ஃப்ரெட் வார்னர் மூன்றாம் ரவுண்டு. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடியது 52 சதவீதம்தான். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும்!

சரி, விதிவிலக்கு உண்டு. அது குவார்ட்டர்பேக். 2010இல் முதல் பிக்காக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருஷத்துக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம். மறு வருஷம் விதி மாறிப் புது வீரர்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்தது, அந்த வருஷ முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நான்கு வருஷத்துக்கு 22 மில்லியன். அதனால் நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்துவிட்டால் மிச்சப் பணத்தில் ஓர் அணியையே கட்டலாம். 2017இல் சீஃப்ஸ் 27இலிருந்து 10க்கு ஏறி, பின்னாளில் பெரிய நட்சத்திரமான குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தார்கள். கூடுதலாகக் கொடுத்தது ஒரு மூன்றாம் ரவுண்டு பிக்கும் அடுத்த வருஷ முதல் ரவுண்டும்தான். அதற்கு முந்தைய சீசனில் 12 ஆட்டம் ஜெயித்த அணி அது. அப்போதைய குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் மஹோம்ஸைக் கிட்டத்தட்ட முழு வருஷமும் உட்கார வைத்துப் பழக்கினார்கள். அதே டிராஃப்டில் சிகாகோ 3இலிருந்து 2க்கு, ஒரே ஒரு படி ஏற, கூடுதலாக மூன்று பிக்கைக் கொடுத்து, எதிர்பார்த்தபடி சோபிக்காத குவார்ட்டர்பேக் ட்ரூபிஸ்கியை எடுத்தது. ஏறுவதென்றால் சீஃப்ஸ் மாதிரி ஏற வேண்டும்.

இனி கூடைப்பந்து. கல்லூரிகளின் தேசியப் போட்டி நடப்பது மார்ச்சில், அதில் சீட் என்பது அணியின் தரவரிசை, 1 மிக உயர்ந்தது, 16 கடைசி. பர்டூ ரசிகனாக 2021 முதல் 2023 வரையிலான மார்ச் மாதங்களை நினைத்தாலே இன்னும் வலிக்கிறது. 13ஆம் சீட் நார்த் டெக்ஸஸிடம் தோற்றோம். அடுத்த வருஷம் 15ஆம் சீட் செயின்ட் பீட்டர்ஸிடம். அதற்கடுத்த வருஷம் முதல் சீடாக நுழைந்து 16ஆம் சீட் ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58. எங்கள் பக்கம் ஏழடி நான்கங்குல ஸாக் ஈடி, அவர்களோ டிவிஷன் ஒன் என்ற மேல்மட்டக் கல்லூரிப் பிரிவில் நாட்டிலேயே மிகக் குள்ளமான அணி. ஆட்டம் முடிந்ததும் பழைய அறைத்தோழன் போன் செய்தான். இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. அப்படியே வைத்துவிட்டோம்.

பயிற்சியாளர் மேட் பெய்ன்டரை அனுப்பு, அணியைக் கலைத்துப் புதிதாகக் கட்டு என்று எத்தனையோ குரல்கள். ஆனால் பர்டூ பெய்ன்டரை அனுப்பவில்லை, ஈடியும் வேறிடம் போகவில்லை. பிரேடன் ஸ்மித், ஃப்ளெட்சர் லோயர் இருவரும் தோற்ற அன்று முதலாம் ஆண்டு மாணவர்கள், அவர்களும் நின்றார்கள். கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்து லான்ஸ் ஜோன்ஸ் என்ற கார்டு (பந்தைக் கையாளும் வெளிப்புற ஆட்டக்காரர்) மட்டும் வந்து முதல் ஐவரில் சேர்ந்தார். அதே அணி 2024இல் 1980க்குப் பிறகு முதல் தடவையாக ஃபைனல் ஃபோருக்கு, அதாவது கடைசி நான்கு அணிகளுக்குள் போனது. டென்னஸியை ஜெயித்த அன்று ஈடி 40 புள்ளி. அன்றைக்கு அறைத்தோழனுக்கு நான்தான் முதலில் போன் செய்தேன். இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றோம், ஈடி மட்டும் 37. அவர்கள் எல்லா வகையிலும் மேலான அணி, அதை மறுக்க மாட்டேன்.

முதலாம் ஆண்டு மாணவர்களை வைத்தும் கோப்பை வாங்கலாம், 2015இல் டியூக் வாங்கியது. ஆனால் அதே வருஷம் வருங்கால என்பிஏ வீரர்களை அடுக்கி வைத்திருந்த கென்டக்கி, 38 ஆட்டம் தோற்காமல் வந்து, ஃபிராங்க் கமின்ஸ்கி என்ற நான்காம் ஆண்டு மாணவர் தலைமையில் வந்த விஸ்கான்சினிடம் விழுந்தது. 2021 முதல் வீரர்கள் தங்கள் பேரை வைத்துச் சம்பாதிக்கலாம், ஒரு வருஷம் ஆடாமல் வெளியே உட்காராமலே கல்லூரி மாறலாம். அந்த உரிமை அவர்களுக்கு என்றோ கிடைத்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றாக நின்று வளரும் அணி இதனால் அரிதாகிவிட்டது, கிடைத்தால் அதன் மதிப்பு முன்பைவிட அதிகம்.

அப்புறம், ஈடி. பள்ளியில் பாதிக்குமேல் பேஸ்பாலும் ஹாக்கியும் ஆடிவிட்டுக் கூடைப்பந்துக்குத் தாமதமாக வந்த டொரான்டோ பையன். அந்த உயரமும் நிதானமும் என்பிஏவுக்கு ஒத்து வராது என்று பலர் எழுதினார்கள். மெம்ஃபிஸ் 9ஆவது பிக்கில் எடுத்தபோது அவசரப்பட்டுவிட்டார்கள் என்றார்கள். முதல் சீசன் முடிவில் சிறந்த ஐந்து புதுமுகங்களின் பட்டியலில் அவர் பேர் இருந்தது.