மார்பில் நாரை இருந்தால் மந்திரியா?

கேள்வி: வேலை விஷயமாக பெய்ஜிங் வந்திருக்கிறேன். சந்தையில் பழைய மூதாதையர் ஓவியம் ஒன்று பார்த்தேன். நாற்காலியில் நேர்ப்பார்வையாக உட்கார்ந்த பெரியவர், மார்பில் நாரைச் சின்னம். முதல் நிலை மந்திரி, 200 வருஷப் படம், சான்றிதழ் உண்டு, கூரியரில் சென்னைக்கே அனுப்புகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: பழசு என்று நம்பி வாங்காதீர்கள். படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன். 1911-க்கு முந்தைய கலைப்பொருள் சீனாவைவிட்டு வெளியே போக அங்கே தடை இருக்கிறது. 200 வருஷம் நிஜம் என்றால் அந்தக் கூரியர் கடத்தல், கூரியர் ஒழுங்கானது என்றால் 200 வருஷம் பொய், இரண்டில் ஒன்றைத்தான் அவர் விற்க முடியும். சான்றிதழ் என்பது பிரிண்டர் வைத்திருக்கிற எவரும் தருவது. வெளியே கொண்டுபோக அனுமதி பெற்ற பழம்பொருளில் அரசின் சிவப்பு அரக்கு முத்திரை இருக்கும், அதைக் கேளுங்கள், பேச்சே மாறிவிடும்.

நாரைக்கு வருவோம். சீனாவை ஆண்ட சிங் (Qing) அரச வம்சத்தின் ஆட்சியில் (1644–1911) சிவில் அதிகாரிகளில் முதல் நிலைக்கு மார்புச் சின்னம் நாரைதான், சரி. ஆனால் மகன் பெரிய பதவிக்கு வந்தால் அப்பா, தாத்தாவுக்கும் பட்டம் கிடைக்கும், அவர்கள் செத்துப்போயிருந்தாலும்கூட. ஆகவே ஆயுசில் அரண்மனை வாசலை மிதிக்காதவரும் படத்தில் அதிகாரி உடையில் இருப்பார், அது மோசடி இல்லை, முறைப்படி வந்த கௌரவம். கீழ்நிலைப் பட்டங்களைக் காசு கொடுத்தும் வாங்கினார்கள். இது போதாதென்று பட்டறைகளில் உடம்பையும் உடையையும் முன்கூட்டியே வரைந்து வைத்து, குடும்பத்தார் வந்தபின் முகத்தை மட்டும் சேர்ப்பதும் உண்டு. அப்புறம் 20-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக, யாரென்றே தெரியாதவர் படத்தில் இளவரசர் பெயர் எழுதி விற்ற வியாபாரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை எடுத்துப்போய் தாடி மயிரைப் பாருங்கள். தூரிகைக் கோடாக இல்லாமல் பொடிப் பொடியாகப் புள்ளி தெரிந்தால் அச்சு, தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்கியிருப்பார்கள். புள்ளி இல்லாவிட்டாலும் போன வருஷம் கையால் வரைந்த நகலாக இருக்கலாம். ஏல நிறுவனங்களும் லேசுப்பட்டவை இல்லை, ‘சிங் பாணி’ என்று அச்சடித்துவிட்டு நாம் அதை ‘சிங் காலம்’ என்று படிப்போம் எனக் காத்திருக்கும்.

படம் பிடித்திருக்கிறதா, அலங்காரப் படத்துக்குக் கொடுக்கிற விலையைக் கொடுங்கள். பில்லில் ‘புதிய நகல்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் கேட்டால் காட்டலாம்.