நீரோட்டத்தில் கட்டிய வலை

அன்புள்ள ஐயா,

சோப்புப் படலங்களைப் பற்றிய உங்கள் கட்டுரை பிடித்திருந்தது. கம்பி வளையத்தில் படலம் மிகக் குறைந்த பரப்பைத் தேடிக்கொள்கிறது, அதுவரை சரி. கடைசியில், துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வாகப் பார்க்கும் சரக் கோட்பாட்டின் ‘சிறப்பு லக்ராஞ்சியன்’ உள்வெளிகள் இதற்குத் தூரத்து உறவு என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதில் என்ன சிறப்பு? சோதனையில் உறுதிப்படாத கோட்பாட்டுக்காகக் கணிதக்காரர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்?

உங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த வரி அவசரத்தில் எழுதியது, ஒப்புக்கொள்கிறேன். (கோளத்தின்மேல் வரைந்த வட்டம்போல, பெரிய வெளிக்குள் கிடக்கும் சிறிய வெளியைத்தான் உள்வெளி என்கிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் எழுதுங்கள்.)

சோப்புப் படலத்தைச் சற்றே அசைத்தால் பரப்பு கூடும். ஆனால் அதே வளையத்தில் முற்றிலும் வேறு வடிவில் இதைவிடச் சிறிய படலம் இருக்காதா? இருக்காது என்று காட்டுவதுதான் கடினம். 1982இல் கணிதவியலாளர்கள் ரீஸ் ஹார்வியும் பிளைன் லாசனும் இதற்கு ஒரு பொதுவழியை வகுத்தார்கள்.

நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒரே சீராக ஓடும் நீரை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு வளையத்தில் வலை கட்டுகிறோம். இறுக்கிக் கட்டினாலும் பைபோலத் தொங்கவிட்டாலும் அதன் வழியே போகும் நீரின் அளவு ஒன்றுதான். ஆனால் ஒரு சதுர மீட்டர் வலை நொடிக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் நீரை விடாது. நேர்குறுக்காக நின்றால்தான் அந்த முழு அளவு. ஆகவே எங்கும் நேர்குறுக்காக நிற்கும் வலையைவிடச் சிறிய வலை கிடையவே கிடையாது. ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை மிச்சம்!

சரக் கோட்பாடு தன் கூடுதல் பரிமாணங்களைச் சுருட்டி வைக்கும் ஆறு பரிமாணக் காலாபி-யாவ் வெளிகளில் பிறப்பிலேயே அப்படியொரு ‘நீரோட்டம்’ உண்டு. அதற்கு முழுதும் ஈடுகொடுத்து நிற்கும் முப்பரிமாண உள்வெளிகளே சிறப்பு லக்ராஞ்சியன். 1995இல் இயற்பியலாளர்களான பெக்கர் சகோதரிகளும் ஸ்ட்ரோமிஞ்சரும், மீச்சமச்சீர் (இருவகைத் துகள்களை இணைக்கும் சமச்சீர்) கெடாமல் ஒரு பிரேன் (சரக் கோட்பாட்டில் வரும் சவ்வு போன்ற பொருள்) எதன்மேல் சுற்றிக்கொள்ளலாம் என்று தேடினார்கள். வந்து நின்றது இதே நிபந்தனை. பிரேனுக்குக் கன அளவுதான் ஆற்றல் என்பதால் அது இயல்புதான்.

அப்புறம், ஏன் மெனக்கெடுகிறார்கள் என்ற கேள்வி. ஐந்தாம்படிச் சமன்பாட்டால் அமையும் காலாபி-யாவ் வெளியில் மூன்றாம்படி வளைவுகள் எத்தனை? 1991இல் இயற்பியலாளர் கேண்டெலாஸ் குழுவினர் அதன் ‘ஆடி இணை’யில் (வடிவம் வேறானாலும் அதே இயற்பியலைத் தரும் மற்றொரு காலாபி-யாவ் வெளி) கணக்குப் போட்டு 31,72,06,375 என்றார்கள். நார்வேக் கணிதவியலாளர்கள் இருவருக்குக் கணிப்பொறியில் கிடைத்ததோ 2,68,25,49,425. நிரலில் பிழை இருந்தது. திருத்தியதும் இயற்பியலாளர்களின் எண்ணே வந்தது. அதன்பின் எந்தக் கணிதக்காரர் சும்மா இருப்பார்?

1996இல் ஸ்ட்ரோமிஞ்சர், யாவ், ஸாஸ்லோ மூவரும் ஆடி இணை எப்படி உண்டாகிறது என்று ஊகித்தார்கள். ஓர் வெளியில் புள்ளியாக இருக்கும் பிரேன் ஆறு திசைகளில் நகரலாம். இணை வெளியில் அதன் பிம்பம் ஒரு முப்பரிமாண டோரஸ், அதாவது மூன்று வட்டங்களைப் பெருக்கி அமைத்த வடிவம். சிறப்பு லக்ராஞ்சியனாகவே இருந்துகொண்டு டோரஸ் நகர மூன்று வழிகள்தான் என்பது மெக்லீன் நிறுவிய தேற்றம். மீதி மூன்று, பிரேன்மேல் உள்ள புலம் டோரஸின் மூன்று வட்டங்களைச் சுற்றிவரும்போது பெறும் கட்டக் கோணங்கள். கணக்குச் சரியாக வருகிறது.

ஆக, வெளி முழுவதையும் இந்த டோரஸ்களால் நிரப்பி, ஒவ்வொன்றின் வட்டங்களையும் பெரியது சிறியதாக, சிறியது பெரியதாகத் திருப்பிப்போட்டால் ஆடி இணை கிடைக்க வேண்டும். ஆனால் சில இடங்களில் டோரஸ் நசுங்கிக் கூர்மையாகிவிடுகிறது. பொதுவான நிரூபணம் இன்றும் சிக்கி நிற்பது அங்கேதான்.