தவணை நடுவில் பிள்ளையைப் பயணம் கூட்டிச் செல்லலாமா?

ஆறாம் தரத்தில் படிக்கும் மகளைத் தவணை நடுவே பத்து நாட்களுக்கு யாழ்ப்பாணம் கூட்டிச் சென்றால், லண்டனிலுள்ள உங்கள் தங்கைக்கு நேர்ந்ததைப் போலக் கொழும்பிலும் அபராதம் விதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இங்கிலாந்தில், பத்துப் பாடசாலை வாரங்களுக்குள் ஐந்து நாட்கள் அனுமதியின்றித் தவறினால், 2024 ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் தாய், தந்தை இருவருக்கும் தனித்தனியே 80 பவுண் விதிக்கப்படலாம். 21 நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் அது 160 ஆகிறது. (வெளிநாட்டு உறவினர்கள் விமானச் சீட்டு விலை உச்சத்திலிருக்கும் ஆகஸ்டிலேயே வந்திறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.) இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமெனினும், குடும்பப் பயணத்துக்காக அவ்வாறு தண்டப்பணம் அறவிடும் நடைமுறை இல்லை.

இங்கு கவனிக்க வேண்டியது வரவுப் பதிவுதான். க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 சதவீத வரவு தேவை. ஆறாம் தரத்தில் அந்த நெருக்கடி கிடையாது. ஆயினும் தவணைப் பரீட்சைக் காலத்தைத் தவிர்த்து, வகுப்பாசிரியர் ஊடாக அதிபருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். காய்ச்சல் என்று எழுதிவிட்டு அந்தப் பொய்யைப் பிள்ளையும் காக்கும்படி செய்வது, என் பார்வையில், பத்து நாள் பாடத்தை இழப்பதைவிட மோசமானது. திரும்பியதும் முதலில் கணிதக் கொப்பியை நிரப்பச் சொல்லுங்கள். இடையில் விட்டால் எட்டிப் பிடிக்க மிகக் கடினமான பாடம் அதுவே.